மதிப்பெண்ணுக்குச் சேதாரம்

என் வீட்டுக்காரர் டைல்ஸ் கடையில் எஸ்டிமேட் போடுகிறவர். நூறு டைல்ஸ் வந்து இறங்கினால், பத்து உடைந்தது என்று கழித்துவிட்டுத்தான் கணக்கையே தொடங்குவார். அந்தப் புத்தி கடையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது?

மகளுக்குச் சட்டக் கல்லூரியில் சேர ஆசை. உதவித்தொகை கிடைத்தால்தான் படிப்பு. இல்லாவிட்டால் அவள் மாமாவின் செல்போன் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். பரீட்சை மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் கொடுத்தால் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவைத் தட்டச் சொன்னாள். நூற்றுக்குப் பதினெட்டு என்று வந்தது.

அவ்வளவுதான். விண்ணப்பத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். கடைசி நாளோ அன்றுதான். எனக்கு மனசே ஆறவில்லை. கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க இது? பரீட்சையில எண்பத்தெட்டு வாங்கினவளுக்கு எழுபத்தொன்பதுன்னு போட்டிருக்கீங்க?"

"சேதாரம் கழிச்சேன்," என்றார், சர்வசாதாரணமாக.

"அட கடவுளே! டைல்ஸ் உடையும், மார்க் எப்படிங்க உடையும்?"

உள்ளேயிருந்து மகள் பாய்ந்து வந்தாள். சரியான எண்களைத் தட்டினாள். அறுபத்தேழு!

"பதினெட்டு எங்கே, அறுபத்தேழு எங்கே! அப்பா, இது பச்சை மோசடி!"

கத்திக்கொண்டே விண்ணப்பத்தைத் திறந்தாள். 'நீங்கள் நேரில் கண்ட ஓர் அநீதியை விவரிக்கவும்' என்ற கட்டுரைக்குக் காலையிலிருந்து ஒரு வரிகூட ஓடாதவள், இப்போது அப்பாவை முறைத்து முறைத்துப் பார்த்து எழுதித் தள்ளினாள்.

"என் மானத்தை வாங்குறாளே," என்று இவர் புலம்பினார். நன்றாக வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அங்கேயே சொல்லிட்டாங்கம்மா, முழு உதவித்தொகை!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "அந்தக் கட்டுரையைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம், நீயே உங்கப்பாவுக்கு வக்கீலா இருந்தா எப்படி வாதாடுவேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் தோத்தாக்கூட எங்கப்பா தாங்கிடுவாரு. ஆசைப்பட்டு ஏமாந்து நான் அழுதா அவரால தாங்க முடியாது, அந்தப் பயத்துல செஞ்சதுன்னு சொன்னேன்."

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கேஸில் ஜெயித்த மனுஷன் இப்படியா தேம்பித் தேம்பி அழுவார்? பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அழுகை வந்துவிட்டது.