முதல் ஊசி

பூரணியின் செவலைப் பசு எத்தனை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. தோட்டத்தில் காளை என்று ஒன்று கிடையாது. தேயிலையை மிதிக்கிறது என்று எந்தக் காலத்திலோ ஒரு துரை ஒழித்துக்கட்டிவிட்டார். ஆகவே செவலையின் குடும்ப வாழ்க்கை முழுவதும் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஊசிக்காரரை நம்பியே இருந்தது. பருவத்துக்கு வந்து பசு கத்தினால் பூரணி போன் போடுவாள். அவர் மறுநாள் வருவார். அதற்குள் பசு கத்தி ஓய்ந்திருக்கும்.

"இந்தத் தடவையும் நிக்கலைன்னா யாவாரிக்கிட்டக் குடுத்துருவேன். பாலும் இல்ல, கன்னும் இல்ல. சும்மா புல்லறுத்துப் போட இது என்ன உன் நாத்தனாரா?" என்றான் கணவன் முத்துலிங்கம்.

"உங்க அக்காளுக்கு ஆக்கிப் போட்டதுக்கு இதுக்கு அறுத்துப் போடுறது எவ்வளவோ மேலு."

லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் சிரித்தார்கள். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. அறுப்புக்குத்தான் கொடுக்கப்போகிறான் என்பது பூரணிக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சங்கத்துக்காரர்கள் 'மாபெரும் கால்நடை மலடு நீக்கும் முகாம்' என்று பேனர் கட்டினார்கள். அதில் தலைவரின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. மாடு ஒரு மூலையில், தபால் முத்திரை அளவில். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சிகிச்சை அவருக்குத்தான் என்று நினைத்தார்கள்.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் செவலை கத்த ஆரம்பித்தது. பூரணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் கோயில் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அரசாங்க மாட்டு டொக்டர் ஒரு சிங்கள அம்மா. தமிழை மெதுவாகத் தேடித்தேடிப் பேசினார். செவலையைச் சுற்றிவந்து பார்த்தவுடன் நீளமான கையுறையை எடுத்தார். "நல்ல நேரம். இப்பவே போடணும்."

சங்கத்தின் அமைப்பாளர் தர்ஷன் ஓடிவந்தான். "மேடம், மேடம்! தலைவர் வந்து வெளக்கேத்தாம மாட்டுல கைய வைக்கக்கூடாது."

"மாட்டுக்கு அது தெரியாது."

தர்ஷன் பூரணியின் பக்கம் திரும்பினான். "பூரணியக்கா, மொத ஊசியே உங்க மாட்டுக்குத்தான். தலைவர் பக்கத்துல நிப்பாரு, நீங்க கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்க. போட்டோ பேப்பர்ல வரும்."

டொக்டர் அம்மா பூரணியைப் பார்த்தார். "உங்க மாடு. நீங்க சொல்லுங்க."

மைதானமே அவளைப் பார்த்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூடக் கடைசியில் நிற்பவள் பூரணி. முதல் என்று யாரும் அவளை இதுவரை கூப்பிட்டதில்லை.

"அவரு வந்துரட்டும் மேடம்," என்றாள்.

செவலைக்கு மாலை போட்டார்கள், நெற்றியில் பொட்டு வைத்தார்கள். "றொசல்லயத் தாண்டிட்டாரு" என்று தர்ஷன் காலையில் சொன்னான். மத்தியானமும் அதையே சொன்னான். மழை தூறி, மூடுபனியாய் மிசுட்டு இறங்கி, செவலை கத்துவதை நிறுத்தி அசைபோட ஆரம்பித்த பிறகும் தலைவர் றொசல்லயைத் தாண்டிக்கொண்டேதான் இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். விளக்கேற்றினார். மலையகத்தின் ஒவ்வொரு பசுவும் தன் உடன்பிறப்பு என்று ஆரம்பித்து, பால் ஆறாக ஓடப்போகும் எதிர்காலத்தில் வெகுநேரம் நீந்தினார். பிறகு செவலையின் முதுகில் கைவைத்து நின்றார், அது சாணி போடும்வரை. டொக்டர் அம்மா கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"நேரம் போயிட்டுது," என்றார் பூரணிக்கு மட்டும் கேட்கும்படி. இருந்தும் ஊசியைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் செவலை மறுபடியும் கத்தியது. பூரணி டொக்டர் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நான் நல்லதண்ணிப் பக்கம் முகாம்ல," என்றது களைத்த குரல். "காலையிலயே மாடெல்லாம் வந்திட்டுது. பெரிய ஆள் இன்னும் வரல்ல."

முத்துலிங்கம் சொன்ன சொல் மாறவில்லை. அன்றைக்கே லயத்துக்குக் கீழே லொறி வந்து நின்றது. செவலை கத்திக்கொண்டே இறங்கியது. பலகையில் ஏறும்போது முரண்டு பிடிக்கும் என்று யாவாரி கம்பை ஓங்கிக்கொண்டு நின்றார்.

லொறிக்குள் ஏற்கெனவே ஒரு கறுப்புக் காளை கட்டியிருந்தது. செவலை மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. பிறகு யாரும் தொடாமலே தானாக ஏறி, அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

"நல்ல கொணமான மாடும்மா," என்று கம்பைக் கீழே போட்டார் யாவாரி.

லொறி வளைவில் மறையும்வரை செவலை ஒரு சத்தமும் போடவில்லை.