தஹானியின் கைக்குழந்தை

கைஸ் மறுபடியும் தலையைத் திருப்பிக்கொண்டான். புட்டியிலிருந்து வழிந்த பால் அவனுடைய கழுத்து மடிப்பில் இறங்கியது. முன்தெர் அதைத் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, குழந்தையை இடக் கைக்கு மாற்றி, ரப்பரை மீண்டும் அவன் உதட்டில் வைத்துப் பார்த்தான். ஐந்து மாதக் குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான்.

அடுத்த அறையில் அவன் மனைவி தஹானியைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கதவிடுக்கு வழியாகக் கற்பூர வாசனை வந்தது. கீழே தெருவில் ஆண்கள் காத்திருந்தார்கள். நண்பகல் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"என்கிட்ட கொடு தம்பி" என்றாள் ரஜா. தஹானியின் அக்கா. விடிவதற்கு முன்பே கரக் ஊரிலிருந்து கிளம்பி வந்தவள், இன்னும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. "நீ போய் அவ முகத்தைப் பாரு. மூடிட்டா அப்புறம் பாக்க முடியாது."

"பசியில இருக்கான் அக்கா. இவனை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

"புட்டி பழகலை, அவ்வளவுதான். நான் அஞ்சு பெத்தவ. எங்க வீட்டுக்குக் கொண்டு போனா பழக்கிடுவேன்."

காலையில் வந்தவுடனேயே அவள் அதைச் சொல்லியிருந்தாள். துக்க நாட்கள் முடிந்ததும் கைஸைக் கரக்குக்கு எடுத்துப் போகிறேன். ஜுமானா பெரிய பெண், நாலு வயது முடிந்துவிட்டது, அவளை நீ பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனி ஆள் என்ன செய்வாய் என்றாள். முன்தெருக்கு அலுமினிய ஜன்னல் பட்டறையில் வேலை. இருட்டுகிற நேரத்தில்தான் ஸர்கா நகரில் அவன் வீட்டுப் படியேறுவான். சரியென்று தலையை ஆட்டியிருந்தான். கட்டில்மேல் குழந்தைத் துணிகள் அடுக்கிய பை ஒன்று அதற்குள் தயாராகி நின்றது.

எல்லாம் தண்ணீர் வருகிற நாளில் நடந்தது. வாரத்தில் ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். அன்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கடிகாரம் வேண்டாம். தஹானி மாடிப்படியில் நின்று, "தண்ணி வந்துடுச்சு, எந்திரிங்கடீ!" என்று போடுகிற சத்தத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் எழுந்துவிடும். அன்றும் அப்படித்தான் கத்தினாள். பிறகு துவைத்த துணி வாளியோடு நடந்தவள், "தலை வலிக்குது" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாள். மண்டைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதன்பிறகு அவள் கண் திறக்கவில்லை.

"அபூ கைஸ்."

கைஸின் வாப்பா என்று முன்தெரைக் கூப்பிட்டபடி வாசலில் அபீர் நின்றிருந்தாள். கீழ்த்தளத்து நாயிஃபின் மனைவி. இடுப்பில் எட்டு மாதத் தாலா. அழுது அழுது அபீரின் கண்கள் சின்னதாகியிருந்தன.

"புட்டியைக் கீழ வைங்க. அவன் குடிக்க மாட்டான். நேத்தும் ஸ்பூன்லதான் ரெண்டு வாய் இறங்குச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் கொடுக்கட்டா?"

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. புட்டியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. புரிந்தபோது கையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நேத்தே கொடுத்திருப்பேன்" என்றாள் அபீர். "அவ எந்திரிச்சு வந்துடுவான்னு இருந்தேன். வந்து என்னைப் பிடிச்சுக் கேப்பாளே, எம் மகனுக்குப் பொண்ணு தரேன்னுட்டு இப்ப அக்காவாக்கிட்டியாடீன்னு."

கைஸ் பிறந்த வாரத்திலேயே இரண்டு பெண்களும் அந்தக் கல்யாணத்தை முடிவு செய்திருந்தார்கள். தாலா மூன்று மாதம் மூத்தவள் என்று யாரோ இழுத்தபோது, "மூத்தவளா இருந்தாத்தான் இவன் வாப்பா மாதிரி சாக்ஸைச் சோபாவுல கழட்டிப் போடாம இருப்பான்" என்றாள் தஹானி. பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்று நாயிஃப் கேட்டதற்கு, ஒரு டின் ஆலிவ் எண்ணெய், அதுவும் பாதி காலி என்றாள். ஒருவர் பிள்ளையை மற்றவர் குளிப்பாட்டினார்கள், தூங்கவைத்தார்கள், அடிகூட வைத்தார்கள். பால் மட்டும் கொடுத்ததில்லை. மார்க்கப்படி, ஒரு தாயிடம் சில தடவை வயிறாரக் குடித்துவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு அவன் கூடப்பிறந்தவன். கல்யாணப் பேச்சுக்கு அதன்பிறகு இடமில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அபீர். "கொடுத்துட்டா கொடுத்ததுதான். திருப்பி எடுக்க முடியாது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்தெரை அழைத்துப் போக நாயிஃப் ஏறி வந்தான். மழலைப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். மனைவி நிற்கிற நிற்பைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான்.

"உங்களையும் கேக்கணும்" என்றாள் அவள் அவனிடம். "கைஸுக்கு நான் பால் கொடுக்கட்டுமா?"

"அவன் அழறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. நீ இங்க நின்னு அனுமதி கேட்டுக்கிட்டிருக்கே" என்றான் நாயிஃப். பிறகு முன்தெரின் தோளில் கை வைத்து, "மாப்பிள்ளை போனா போகட்டும்டா. மகனாச்சு" என்று சிரிக்கப் பார்த்தான். முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முன்தெர் குழந்தையை நீட்டினான். அபீர் தாலாவைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, கைஸை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரம் அழுகை இன்னும் உரத்துக் கேட்டது. பிறகு விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றுபோனது.

அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் முன்தெரால் அடுத்த அறைக்குள் நுழைய முடிந்தது. தஹானியின் முகத்தைச் சுற்றிலும் துணி இறுக்கமாக இருந்தது. காதுக்கு முன்னால் எப்போதும் வெளியே வந்து நிற்கும் முடியை யாரோ உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். அவன் குனிந்து நெற்றியில் முத்தமிட்டான். குளிர்ந்திருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"குடிக்கிறான்" என்றான்.

அவளைப் பள்ளிவாசல் வண்டியில் ஏற்றினார்கள். மற்ற ஆண்கள் நாயிஃபின் வேனில் பின்தொடர்ந்தார்கள். மழலைகளுக்கான இருக்கைகள். தெருக்கோடி இறைச்சிக்கடைக்காரர், பட்டறை முதலாளி, தஹானியின் மாமா எல்லாரும் முழங்கால் தாடையில் இடிக்கக் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் வாத்துப் படம் ஒட்டியிருந்தது. முன்தெர் உட்கார்ந்த இடத்தில் பிஸ்கட் தூள் நறநறத்தது. கைஸ் பிறக்கப் போகும் நேரத்தில் அவன் தூரத்து அகபா நகரில் வேலையில் இருந்தான். தஹானி வலியோடு மருத்துவமனைக்குப் போனது இதே வேனில்தான். 'இவ்வளவு சின்ன சீட்டுல உக்காந்தா பிள்ளை தானா வெளியே வந்துடும்' என்று அவள் வழியெல்லாம் நாயிஃபைத் திட்டிக்கொண்டே போனாளாம். அது நினைவுக்கு வந்ததும் முன்தெருக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்குவதைப் பார்த்து இறைச்சிக்கடைக்காரர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மண் தள்ளி முடித்துத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அபீரின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கம்பளத்தில் கைஸ் மல்லாந்து தூங்கினான். அவன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் தாலா. ஜுமானா ஓடிவந்து முன்தெரின் கால்சட்டையைப் பற்றிக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது. உம்மா அல்லாஹ்விடம் போய்விட்டாள், திரும்பி வரமாட்டாள் என்று காலையில் ரஜா அவளை மடியில் வைத்துச் சொல்லியிருந்தாள்.

"பாபா, கைஸ் இவங்ககிட்ட பால் குடிச்சான். உம்மாவுக்குக் கோவம் வருமா?"

"வராதும்மா."

"இனிமே தாலா அவனுக்கு அக்காவாம். அப்ப எனக்கு?"

உள்ளேயிருந்து அபீர் குரல் கொடுத்தாள்: "உனக்கு அவ அடிமைடீ. நீ சொல்றதெல்லாம் கேப்பா. போதுமா?"

ஜுமானா அதை ஏற்றுக்கொண்டமாதிரி தெரிந்தது. பிறகு அவன் குனியும்வரை சட்டையை இழுத்து, காதருகில் கேட்டாள்.

"பெரியம்மா பையில கைஸோட துணி மட்டுந்தான் இருக்கு. என்னோடது எதுவுமே இல்ல. நான் போகலையா? அவன் மட்டும் போறானா?"

முன்தெர் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். ரஜா சமையலறையில், அக்கம்பக்கத்தார் அனுப்பிய சோற்றுத் தாம்பாளங்களை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைஸ் இங்கயே இருக்கட்டும்."

ரஜா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "காலையில சரின்னியே."

"சொன்னேன். ரெண்டு பேரையும் பிரிக்க முடியாது."

"பகல் முழுக்க யார் பாப்பா?"

"நான் பாத்துக்கறேன்" என்றாள் பின்னாலேயே ஏறி வந்த அபீர். கைஸ் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். "தாலாவோட ஒண்ணா வளரட்டும். ராத்திரிக்கு வாப்பாகிட்ட."

"நீ நல்ல பொண்ணும்மா. நான் இல்லேங்கலை" என்றாள் ரஜா. குரல் தடித்தது. "நாலு நாள் எல்லாருக்கும் இரக்கம் இருக்கும். அப்புறம் அவங்கவங்க வீடு, அவங்கவங்க பிள்ளை. உன்னைக் குத்தம் சொல்லலை, உலகம் அப்படி. அன்னைக்கு இவன் யார் கதவைத் தட்டுவான்?"

அபீர் தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றினாள்.

"தாலா பிறந்தப்ப எனக்குத் தையல் பிரிஞ்சு சீழ் வெச்சுடுச்சு. எழுந்து நிக்க முடியாது. உங்க தங்கச்சி இவனை வயித்துல வெச்சுக்கிட்டு தினமும் படி இறங்கி வந்தா. எம் மூத்தவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, என் புண்ணைக் கழுவி… எங்க உம்மாகூட முகத்தைத் திருப்பிக்கிட்ட புண்ணு. 'வெக்கப்படாதே, அடுத்தது எனக்குத்தான், நீ கழுவுவே'ன்னா." அபீர் கதவருகே ஆணியைக் காட்டினாள். "எங்க வீட்டுச் சாவி அன்னையிலேர்ந்து இங்கதான் தொங்குது. நான் சாத்தினாலும் இவங்க திறந்துட்டு வருவாங்க. தட்டவே வேணாம்."

ரஜா ஆணியைப் பார்த்தாள். பச்சைக் கயிறு கட்டிய சாவி. அதன் பக்கத்தில் தஹானியின் தலைத்துணி தொங்கியது. ரஜா படுக்கையறைக்குப் போய், பையைத் திறந்து, சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். வெளியே வந்தபோது, "அந்தத் துணியை நான் எடுத்துக்கட்டுமா தம்பி?" என்றாள்.

முன்தெர் தலைத்துணியை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை அதுவரை கழற்றாத மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

துக்கத்துக்கு மூன்று நாள் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முன்தெர், "அல்லாஹ் உங்க சிரமத்தை ஏத்துக்கட்டும்" என்று வழக்கமான நன்றியைச் சொன்னான். நாயிஃப் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கெண்டியோடு நின்று சர்க்கரை போடாத காபியை எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்தான். கடைசி ஆள் போன மாலையில், வாடகை நாற்காலிகளை வேனில் ஏற்றி முடித்ததும், முன்தெர் அவனிடம் அதே வார்த்தைகளைச் சொல்ல வாயெடுத்தான்.

"அதை வெளியாளுங்ககிட்ட சொல்லு" என்றான் நாயிஃப். "துடைப்பத்தை எடு. நாளைக்குப் பிள்ளைங்க ஏறணும், வண்டி பூரா கபர்ஸ்தான் மண்ணு."

இருவரும் குனிந்து வேனைக் கூட்டினார்கள். சின்ன இருக்கைகளுக்கு அடியில் துடைப்பம் நுழையவில்லை. முன்தெர் மண்டியிட்டுக் கையாலேயே வாரினான். மண்ணோடு பிஸ்கட் தூளும் உடைந்த கலர்ப் பென்சில் ஒன்றும் வந்தன. பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்ப வேண்டும். ரஜா முந்தின இரவே ஊருக்குப் போயிருந்தாள். முன்தெர் ஜுமானாவை முழங்கால்களுக்கு நடுவே நிற்கவைத்துத் தலை வாரினான். ஜன்னல் சட்டங்கள் கீறிக் கீறிச் சொரசொரத்த விரல்களில் மெல்லிய முடி சிக்கிச் சிக்கி அறுந்தது. மூன்றாகப் பிரித்தால் நடுவிலிருப்பது நழுவியது. "உம்மா இப்படிப் பண்ணமாட்டா" என்றாள் ஜுமானா. பிறகு, "பரவால்ல பாபா, வலிக்கலை" என்றாள்.

அபீர் கைஸை எடுத்துப் போக மேலே வந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே ஏறி நின்றது. மற்றது கழுத்தில் இறங்கிக் கிடந்தது. வகிடு வளைந்து வளைந்து போயிற்று. அபீரின் கை தானாகவே ஜுமானாவின் தலையை நோக்கி நீண்டது. முன்தெர் கையில் சீப்போடு அண்ணாந்து பார்த்தான்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதே கையால் கைஸை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போ கண்ணு, ஸ்கூல் வண்டி நிக்குது."

கீழே நாயிஃப் ஒலியெழுப்பினான். ஜுமானா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். படிக்குப் படி, மேலே நின்ற பின்னல் ஒரு பக்கமும் கீழே தொங்கியது மறுபக்கமும் ஆடின.