பாக்குவெட்டியும் புதிய சட்டமும்

ஆக்லாந்து நீதிமன்ற வாசலில் காவல் நின்ற அருளப்புவிடம் அதுவரை இருந்த ஒரே ஆயுதம் கெஞ்சல்தான். பையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம். மாட்டேன் என்றால் பொலிசைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பதில் வந்த சட்டம் அதை மாற்றியது. இனி அவரே பையைச் சோதிக்கலாம், ஆயுதத்தை வாங்கி வைக்கலாம், பொலிஸ் வரும்வரை ஆளைப் பிடித்தும் வைக்கலாம்.

அதற்காக ஒரு வாரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று கடுமையான முகம் பழகினார்.

"வயித்துக்குத்தோ?" என்று கேட்டாள் மனைவி புஷ்பமலர்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாள் மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார். இன்று பிழைவிட்டால் அருளப்பு மறுபடி கார் தரிப்பிடக் காவலுக்குத்தான் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து, ஒரு வழக்கில் மொழிபெயர்க்க வந்த, அவர் போகும் தேவாலயத்துத் திரேசம்மா அக்காவின் கைப்பையில் பாக்குவெட்டி அகப்பட்டது.

"சட்டப்படி இதை ஒப்படைக்கோணும்," என்றார் அருளப்பு, பழகிய முகத்தோடு.

"கோயில்ல கதிரை அடுக்கிற நீ எனக்குச் சட்டம் கதைக்கிறியோ? தரமாட்டன்!"

பிடித்துவைக்க அதிகாரம் இருந்தது. அக்காவைப் பிடிக்கத் துணிவுதான் இல்லை. பின்னால் வரிசை நீண்டது. மேலதிகாரி தொண்டையைச் செருமினார். அருளப்பு முகத்தை மாற்றாமல் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டன், தாங்கோவன். போகேக்க திருப்பித் தாறன்."

"இப்பிடி முதலே கேட்டிருக்கலாமே," என்று அக்கா பாக்குவெட்டியை நீட்டினார்.

தமிழ் தெரியாத மேலதிகாரி அருளப்புவின் தோளைத் தட்டினார். "சத்தமே போடாமல் எவ்வளவு உறுதியான கட்டளை!"

அருளப்பு கடுமையாகத் தலையாட்டினார்.