லேபிள் இல்லாத சோறு

மகளின் டிபன் டப்பாவைக் கழுவ எடுத்தபோது அது கனத்தது. ஏழு வருஷமாக ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டைகளைத் தோளில் ஏற்றி இறக்குகிறவள் அவள். எதைத் தூக்கினாலும் காலியா நிறையா என்று கை சொல்லிவிடும். ஜூஸ் கம்பெனியில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே கிரேன்தான். மூடியைத் திறந்தாள். காலையில் வைத்த சோறும் பருப்பும் கீரையும், நடுவில் முழு முட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஏண்டி சாப்பிடல?"

ஏழு வயசுக்காரி செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வயிறு வலிச்சுதா?"

"இல்ல."

"டீச்சர் திட்டினாங்களா?"

"இல்லம்மா. சிவப்புப் பொட்டு."

மூடியின் ஓரத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. பக்கத்திலேயே நகத்தால் சுரண்டிய பிசின் தடங்கள், நாலைந்து.

கிளறக் கிளற விஷயம் வந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்தில், முதலில் மகளின் வகுப்பில் மட்டும், 'ஆரோக்கிய மதிய உணவு' என்று புதுசாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாம் பீரியடில் டீச்சர் எல்லா டப்பாவையும் திறந்து பார்ப்பார். பெயரும் உள்ளடக்கமும் அச்சடித்த பாக்கெட்டாக இருந்தால் பச்சைப் பொட்டு. வீட்டில் செய்ததாக இருந்தால் சிவப்பு. சிவப்பு டப்பாக்கள் ஆபீஸ் வாசல் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும்.

"இத்தனை நாளா டப்பா காலியாத்தானே வந்துச்சு?"

"வர்ற வழியில நாய்க்குப் போட்டுடுவேன். இன்னிக்கு நாய் வரல."

அவள் டப்பாவை அழுத்தி மூடினாள்.

"அப்ப மத்தியானம் நீ என்னதான் தின்ன?"

"பிஸ்கட்டும் ஜூஸும். ஸ்கூல்ல குடுப்பாங்க. உன் கம்பெனி ஜூஸ்தாம்மா, மாம்பழப் படம் போட்டது. நல்லாத்தான் இருந்துச்சு."

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அந்த ஜூஸை அவளைவிட யார் அறிவார்? ஒரு டேங்குக்கு இருபத்துநாலு மூட்டை சர்க்கரை. மூட்டை வாயின் தையல் நூலை ஒரே இழுப்பில் உருவி ஆணியில் மாட்டுவாள். கடைசியில் டேங்க் ஓட்டுகிறவர் ஆணியிலிருக்கும் நூல்களை எண்ணிப் பார்ப்பார். இருபத்துநாலு இருந்தால்தான் சுவிட்சைத் தட்டுவார். பழக்கூழ் என்று வருவது ஒரே ஒரு டிரம். மிச்சமெல்லாம் தண்ணீர், மஞ்சள் சாயம், வாசனைக்கு ஒரு பாட்டில். வேலை முடிந்து வந்து கழற்றிப் போடும் சீருடையில் எறும்பு வரிசை கட்டி ஏறும். அந்த எழவை ஒரு நாளும் அவள் பிள்ளை வாயில் வைத்ததில்லை. தோள்பட்டை இற்றுப்போக மூட்டை தூக்கி முட்டை வாங்கினால், அதை நாய் தின்கிறது. அவள் கொட்டிய சர்க்கரையைப் பிள்ளை குடிக்கிறது.

மறுநாள் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு. பன்னிரண்டுக்கெல்லாம் சீருடையோடு பள்ளிக்கூடத்தில் போய் நின்றாள்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் பதினொரு டப்பாக்கள். ஒன்றுக்கு மூடி நிற்காமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. இன்னொன்றைத் துணியில் முடிந்திருந்தார்கள். அவள் மகளுடையது மூன்றாவது. குற்றம் செய்தவர்களை வெளியே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

உள்ளே தலைமையாசிரியைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அவள் கால் ஒரு நொடி தயங்கியது. கம்பெனியின் டெலிவரி சூப்பர்வைசர். காலடியில் ஆறு அட்டைப்பெட்டி ஜூஸ்.

"கிரேன், நீ எங்க இங்க? ஷிஃப்ட் இல்ல?"

"ரெண்டு மணிக்கு சார். எம் பொண்ணு இங்கதான் படிக்கிறா. ஒரு வாரமா மத்தியானச் சோறு இல்லாம இருக்கா."

தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. "யாரையும் பட்டினி போடலம்மா. பிள்ளைங்க நல்லதுக்குத்தான் செய்யறோம். போன மாசம் ஒரு பையன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தான். பதில் சொன்னது நான்தான். வீட்டுலேர்ந்து வர்றதுல என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பாக்கெட்ல எல்லாம் அச்சடிச்சிருக்கு."

"என்ன இருக்குன்னு எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சர். சோறு, பருப்பு, கீரை, முட்டை. அஞ்சாவதா ஒண்ணும் கிடையாது. உப்பைச் சேர்த்துக்கிட்டா அஞ்சு."

"அது நீங்க சொல்றது. அச்சுல இருக்கணும்ல."

"அச்சுல இருக்கறதை நீங்க படிச்சீங்களா?"

சூப்பர்வைசர் கப்பைக் கீழே வைத்தார். "மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கிளம்பு."

அவள் குனிந்து பெட்டியைக் கிழித்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "எனக்கு எழுத்து பொடிசாத் தெரியுது. நீங்களே படிங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டு, பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பழக்கூழ்… ரெண்டு சதவீதம். சர்க்கரை இருபத்துநாலு கிராம்." கடைசி வார்த்தையில் குரல் இறங்கியது.

டீத் தட்டில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. கிரேன் சின்ன ஸ்பூனை எடுத்துக் காலி சாஸரில் போட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணவில்லை. அவர்களே எண்ணட்டும் என்று விட்டாள். ஆறாவது ஸ்பூனில் சரிந்து மேஜையில் கொட்டியது.

"இதை உங்க வீட்டுப் பிள்ளைக்குச் சோத்துக்குப் பதிலா வைப்பீங்களா? பழக்கூழ் கூடினாலோ குறைஞ்சாலோ எங்க கம்பெனியில டேங்க் ஓட்டறவரு கண்டுக்க மாட்டாரு. ஆனா சர்க்கரை மூட்டை ஒண்ணு குறைஞ்சா எம் மேல பாய்வாரு. கொட்டறவ நான். எனக்குத் தெரியாதா?"

"சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு மேடம்," என்றார் சூப்பர்வைசர். பிறகு இவள் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ யாரு சோத்தைத் தின்னுட்டுப் பேசற தெரியுமா?" என்றார்.

"என் சோத்தை சார். தூக்கிச் சம்பாதிச்சது. உங்க சோறா இருந்தா எம் பொண்ணு டப்பாவுல பச்சைப் பொட்டுல்ல வச்சிருப்பாங்க."

வாசலில் நின்ற பியூன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

தலைமையாசிரியை மேஜையில் சிந்திய சர்க்கரையைக் கையால் சாஸருக்குள் ஒதுக்கினார். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "சரிம்மா. உங்க பொண்ணுக்கு மட்டும் நான் சொல்லிடறேன். தினமும் என் ரூம்ல உக்காந்து அவ சாப்பாட்டையே சாப்பிடட்டும். வெளியில யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். கம்பெனியோட ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

"கிடைச்சதை வாங்கிக்கிட்டுப் போய்ச் சேரு," என்றார் சூப்பர்வைசர். "இல்லேன்னா ரெண்டு மணிக்கு கேட்ல உன் அட்டெண்டன்ஸ் கார்டு இருக்காது."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். மகள் சாப்பிட்டுவிடுவாள், வேலையும் நிற்கும். வந்த காரியம் முடிந்தது. ஆனால் வெளியே பெஞ்சில் மிச்சம் பத்து இருந்தது. ரப்பர் பேண்ட் போட்ட அந்த டப்பாவையும் எவளோ ஒருத்தி விடிகாலையில் எழுந்து கட்டித்தான் அனுப்பியிருப்பாள். அவளுக்கு இந்தச் சங்கதி தெரியவே தெரியாது.

"எம் பொண்ணை மட்டும் தனியா உக்கார வைக்க அவளுக்கு என்ன தொத்துநோயா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பெஞ்சின் முன் குந்தி, பெரியது அடியில் சிறியது மேலே என்று அடுக்கி, பதினொன்றையும் நெஞ்சோடு அணைத்து, உச்சியை முகவாயால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். பின்னால் "அம்மா, நில்லுங்க" என்ற குரலும் செல்போனில் யாரையோ கூப்பிடும் சூப்பர்வைசரின் குரலும் கேட்டன. அவள் நடை மாறவில்லை.

வகுப்பில் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். டீச்சர் எழுந்தார், அவள் வந்த வேகத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். டப்பாக்களை மேஜையில் இறக்கினாள்.

"எதெது யாரோடதோ வந்து எடுத்துக்குங்க. ஆறிப்போயிருக்கும். பரவாயில்ல, சாப்பிடுங்க."

முதலில் யாரும் அசையவில்லை. அவள் மகள்தான் வந்தாள், தலையைக் குனிந்தபடி, அம்மாவைத் தெரியாதவள் மாதிரி. டப்பாவை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் முட்டையை இரண்டாகப் பிட்டாள். அதற்குப் பிறகு மற்றதுகளும் வந்தன.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. கம்பெனி கேட்டுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். கார்டு இருக்கிறதா இல்லையா என்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். கிளம்பத் திரும்பியவளின் சீருடையை யாரோ இழுத்தார்கள். முன்பல் விழுந்த ஒரு பொடிசு துணி முடிச்சோடு நின்றது.

"ஆன்ட்டி, இது அவுக்க வரல."

கீழே உட்கார்ந்து, பல்லால் கடித்து, முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.