ஞாயிறு ஷிஃப்ட்

நான் பத்தாம்பசலி. என் தங்கை முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வாள், நானும் மறுப்பதில்லை. காலையில் பேப்பரைப் பிரித்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழலாம் என்று ஒரு பக்கம் கட்டுரை, மதுக்கடை நேரத்தை நீட்டலாம் என்று இன்னொரு பக்கம் யோசனை, நடுவில் ஒரே மணி நேரத்தில் வீடு தேடி வரும் செருப்புக்கு விளம்பரம். செருப்பு நாளைக்கு வந்தால் யார் குடி முழுகிவிடும்? என் வீட்டுக்காரர் பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "உலகத்தைத் திருத்தினது போதும், டீ ஆறுது" என்பார்.

அந்த உலகம் ஒருநாள் என் வேலையிடத்துக்கே வந்து நின்றது.

நான் ஒரு பெரிய சலவை நிலையத்தில் விரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு எங்களிடம் வரும். சூடான உருளைக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்து உள்ளே கொடுக்க வேண்டும். புது மேனேஜருக்கு என் மகன் வயது இருக்கும். இனி ஞாயிற்றுக்கிழமையும் உருளை ஓடும் என்றார். பதிலுக்கு வேறொரு நாள் லீவு உண்டாம். எந்த நாள் என்று முந்தின நாள் சாயங்காலம் போனில் வருமாம்.

நான் நேரே அவர் அறைக்குப் போனேன். "சார், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற நாள், நான் வரமாட்டேன். வேலையை விட்டு எடுத்தாலும் சரி."

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போனால் என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. முழங்கால் போனதிலிருந்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டுவதில்லை, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்ச்சுக்குப் போறதுன்னா நான் குறுக்க நிக்கமாட்டேம்மா. உங்களுக்கு மட்டும் ஞாயிறு லீவு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு போதகர் என்னை எழுப்பி, நடந்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல வைத்தார். உலகம் ஓடுகிற ஓட்டத்தில் ஓடாத ஒரு சகோதரி என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து நின்று பத்துக் கட்டளைகளையும் சேர்ந்து சொல்வது வழக்கம். நாலாவது, ஓய்வுநாள் கட்டளை, நீளமானது. நீ மட்டுமல்ல, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன்னிடத்தில் தங்கியிருக்கிற அந்நியன் வரைக்கும் யாரும் வேலை செய்யக் கூடாது என்று போகும். சின்ன வயதிலிருந்து ஒரே மூச்சில் ஒப்பித்தது. அன்றைக்கு வேலைக்காரி என்ற இடத்தில் எனக்கு நாக்கு நின்றுவிட்டது. எனக்குப் பதில் ஞாயிறு பொறுப்பை, ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிற பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள்.

ரேடியோ எங்கள் பிரிவில் வேலை செய்பவள். வாயை மூடாததால் வந்த பெயர். லாரி ஓட்டுகிற ஒருவனோடு கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே இருக்கிறாள். தப்பு என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். "என் போட்டோ உங்க பேப்பர்ல வந்துச்சாக்கா?" என்று சிரித்தாள். அவள் மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஞாயிறு பகலில் மட்டும்தான் தாயை உள்ளே விடுவார்கள்.

திங்கட்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன். "பொண்ணைப் பாத்தியா?"

"நான் போறதுக்குள்ள கேட்டைப் பூட்டிட்டாங்கக்கா. போன்ல ஒரே அழுகை."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குக் கிடைச்சதைக் காப்பாத்திக்கோ. ஊருக்கெல்லாம் நீ என்ன வக்கீலா?" என்றார். போதகரிடம் போனேன். கர்த்தர் திறந்த கதவை நீங்களே சாத்தாதீர்கள் என்றார்.

"ஐயா, கட்டளை என்னோட நிக்கலையே. வேலைக்காரி வரைக்கும் போகுது, மாடு வரைக்கும் போகுது."

"நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா..." என்றார். அந்த ஆனாவோடு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தங்கைக்குத்தான் குஷி. "என்னக்கா, யூனியன்ல சேந்துட்டியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எழுதியிருக்கிறபடி படிக்கிறவ."

வாரா வாரம் ஷிஃப்ட் பட்டியல் போட்டு ஒட்டுவது என் வேலை. அந்த வாரம் ஞாயிறு கட்டத்தில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்களுக்குத்தான் லீவு குடுத்தாச்சே, அப்புறம் என்னம்மா?"

"எனக்கு மட்டும்னா வேண்டாம் சார். ஆஸ்பத்திரித் துணின்னா சொல்லுங்க, ஞாயிறானாலும் முதல் ஆளா வந்து நிக்கறேன். ஓட்டல் விரிப்பைத் திங்கட்கிழமை தேய்ச்சா யாரும் செத்துடமாட்டாங்க."

"அப்ப நானே எழுதிக்கறேன்."

"எழுதுங்க. என் கையால எழுதமாட்டேன்."

அவர் எங்கள் பிரிவுப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், "அக்கா போட்டா வர்றோம் சார்" என்றார்கள். இத்தனை காலம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அந்தப் பயம் ஒருநாளாவது நல்லதற்கு உதவியது.

ஞாயிறு ஷிஃப்ட் நின்றது. அதோடு என் சூப்பர்வைசர் வேலையும் போனது. சம்பளத்தைக் குறைத்து உருளைக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன். "இப்ப சந்தோஷமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "சந்தோஷமில்ல. ஆனா திரும்பக் கேட்டாலும் இதைத்தான் செய்வேன்" என்றேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு ஜோடி ரேடியோ. ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்புகளை உருளைக்குள் கொடுத்தோம்.

"நேத்து பகல் முழுக்க பொண்ணு என் மடியிலயே படுத்திருந்தாக்கா" என்றாள். பிறகு, "எனக்காக ஏன் இதெல்லாம்? என்னைத்தான் உங்களுக்குப் பிடிக்காதே."

"நீ இருக்கிற விதம் தப்புதான். இன்னைக்கும் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். அதுக்காக உன் ஞாயித்துக்கிழமையை எவனும் எடுத்துக்க முடியாது. அது மேனேஜர் குடுத்ததும் இல்ல, நான் குடுத்ததும் இல்ல."

 ரேடியோ கண்ணைத் துடைக்க, விரிப்பிலிருந்து கையை எடுக்கப் போனாள்.

"முனையை விடாதே," என்றேன். "அழறதுன்னா பிடிச்சுக்கிட்டே அழு."