பாதி மீசை

மிதுஷனின் மீசையில் பாதி போன பிறகுதான் அம்மா கிணற்றடிக்கு ஓடி வந்து சலூன்காரரின் கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டும் தம்பி! தகப்பனுக்குக் கொள்ளி மூத்தவன்தான் வைக்கவேணும். நாளைக்கு வந்திடுவான்."

பந்தலில் அப்பா படுத்திருந்தார். அனலைதீவு வெயிலுக்கு, அவரைச் சுற்றி அடுக்கிய ஐஸ் அவசரப்பட்டு உருகிக்கொண்டிருந்தது.

"அம்மா, அண்ணை எங்கையெண்டே தெரியாது."

"லண்டனில. நீதானே கணக்குப் போட்டுச் சொன்னனீ?"

சொன்னவன்தான். ஏஜென்சி மூலம் வெளிக்கிட்ட அண்ணன் தயாபரன் மொஸ்கோவிலிருந்து போன் எடுத்தான். பிறகு மின்ஸ்க், வார்சோ, பேர்லின், கடைசியாகப் பிரான்சின் கடற்கரை. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மிதுஷன் கம்பஸில் புள்ளிவிபரவியல் படிக்கிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அப்போது நோயில் படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு ஒரு கதை சொன்னான். இருநூறு வருசத்துக்கு முன் ஒரு குட்டிக் கிரகத்தைக் கண்டார்களாம். சூரியனுக்குப் பின்னால் அதைத் தொலைத்தும்விட்டார்களாம். ஜெர்மன்காரப் பொடியன் ஒருவன், கண்ட இடங்களை வைத்துக் கணக்குப் போட்டு, 'இங்கே தேடுங்கள்' என்றான். அங்கேதான் நின்றது. இழிவு வர்க்க முறை என்கிற கணக்கு பேரெடுத்த கதை அது.

"அப்ப கொண்ணனையும் ஒருக்காப் பாரன்," என்றார் அப்பா.

அண்ணன் போன் எடுத்த இடங்களில் எல்லாம் அட்லஸில் புள்ளி குத்தினான். எந்தப் புள்ளியையும் தொடாவிட்டாலும் பரவாயில்லை, விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஆகக் குறைவாக வரவேண்டும் என்று ஒரு கோடு இழுத்தான். கோடு நேரே போய் லண்டனுக்குப் பக்கத்தால் கடந்தது. நடுவில் கடல். கோட்டுக்குக் கடல் தெரியாது. மிதுஷனுக்குத் தெரியும்.

"லண்டன்," என்றான்.

அப்பா அன்றைக்குக் கஞ்சி குடித்தார்.

"இன்னொருக்காக் கணக்குப் பாரடா," என்றாள் அம்மா. "நாளைக்கு வருவானோ எண்டு."

"கணக்கில பிழை இருக்குமம்மா."

"எவ்வளவு பிழை?"

பரீட்சையில் வழக்கமாக வருகிற கேள்விதான். எழுதிச் சித்தியும் எய்தியிருக்கிறான். இப்போது பாதி மீசையோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சலூன்காரரின் கையை விட்டாள்.

"மற்றப் பாதியையும் எடுத்துவிடும்."

குளித்துவிட்டு வந்தவனுக்கு அவள் எடுத்து வைத்திருந்தது தயாபரனின் வேட்டி. மிதுஷனுக்கு நீளம் கூட. அம்மா குனிந்து, மண்ணில் இழுபடாதபடி அதை ஒரு மடிப்பு உயர்த்தி, இடுப்பில் செருகிவிட்டாள்.