உப்பளப் பேட்டையில் கஞ்சி ஊற்றியவள்

சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை பார்த்த லூர்துநாதன் செஞ்சிக்குத் திரும்பியபோது, யாரும் அவன் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை. பார்மோசா எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இப்போது தைவான் எனப்படும் அந்தத் தீவின் காவ்சியுங் துறைமுகத்தில் அவனுக்கு டைபாய்டு கண்டதும், அவனை இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டதும் ஊருக்கே தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அவனை மாதா கோயில் முற்றத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார். சைக்கிள் கடை ஆதிமூலமும் வந்திருந்தார். அவர் வேதக்காரர் அல்ல, இந்து. கப்பல் கதை என்றால் விடமாட்டார்.

"நான் கெடந்த பேட்டைக்கு யென்செங்னு பேரு. உப்பளம்னு அர்த்தமாம். இப்ப அங்க உப்பு கெடையாது. வீட்டுமேல வீடு. கீழ கடை, மேல ஒரு குடும்பம், அதுக்கும் மேல இன்னொரு குடும்பம்."

"ஜனம் எவ்ளோ இருக்கும்பா?" என்றார் ஆதிமூலம்.

"மலையனூர்ல அமாவாசைக்கு எப்டி இருக்குது? அங்க தெனமும் அமாவாசை. இடிச்சவனும் திரும்பிப் பாக்க மாட்டான், இடிபட்டவனும் பாக்க மாட்டான்."

கூட்டம் ரசித்தது. லூர்துநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடைத்த கப்பல்களின் விளக்கும் கண்ணாடியும் விற்கும் கடைகளைச் சொன்னான். துறைமுகத்துக்குப் போகும் வாழைக்காய்க் கூடைகளைச் சொன்னான். முன்வரிசையில் இருந்த அவன் மனைவி இருதயமேரி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தீங்களே, யாரு பாத்துக்கினாங்க?"

சாமியார் தொண்டையைச் செருமினார்.

"கீழ கடை வெச்சிருந்த ஒரு பொம்பள. புருஷன் இல்ல. சேமியா மாதிரி ஒண்ணு வேகவெச்சி விப்பா. அவதான் கஞ்சி ஊத்தனா, துணி தொவச்சா. புள்ளைங்கள வாசப்படில படுக்கவெச்சிட்டு எனக்கு எடம் வுட்டா."

அடுத்து வரப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அவன் கப்பலிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தான். அவற்றில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை.

"அவ பேரு இன்னா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"பாஷ தெரியாதில்ல, மேரி. கைய காட்டுவேன், வந்துடுவா."

இருதயமேரி எழுந்தாள். "மாசக்கணக்குல ஒருத்தி கையால சாப்ட்டுட்டு, பேரக் கேக்காம வந்துட்டீங்க." குரலை உயர்த்தவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லி ஊரார் கொடுத்த கருத்துகளை வாசித்த சாமியார், இருதயமேரியின் சீட்டு வந்ததும் தயங்கினார். "யென்செங் பேட்டையில் லூர்துநாதனுக்குக் கஞ்சி ஊற்றிய சகோதரியின் நலனுக்காக" என்று வாசித்து முடித்தார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முழங்காலில் இருந்த லூர்துநாதனுக்கு அந்தக் கடைக்காரியின் முகம் நன்றாக நினைவு வந்தது. புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் உண்டு. அவளும் இவன் பேரைக் கேட்கவில்லைதான். அதை வீட்டில் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டான்.

அடுத்த கப்பல் அந்தப் பக்கமே போகவில்லை, பர்மாவுக்குப் போனது. ரங்கூனில் அவனுக்குச் சோறு போட்டவர் பல் போன ஒரு சமையல்காரர். லூர்துநாதன் முதல் வேளையிலேயே அவர் பேரைக் கேட்டுக்கொண்டான்.